வடிவம்மாவின் பிடி அரிசி

கண்டி மஹய்யாவவில், வரிசை அறைகளாகக் கட்டிய நகரசபைத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்த வடிவம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் ‘டின்னு வடிவு’ என்று ஒரு பெயர் இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்து நாறடித்திருப்பாள். வாய் என்றால் அப்பேர்ப்பட்ட வாய்.

அந்த டின் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். மூடியில் ரோஜாப்பூப் படம் போட்ட பெரிய பிஸ்கட் டின்; பாதிப் பூவைத் துரு தின்றுவிட்டது. உலை வைக்கும்போது சுண்டு என்கிற சின்னப் படியால் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. பொங்கலோ தீபாவளியோ, வீட்டுக்கு விருந்தாளி வந்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ, அந்தப் பிடி மட்டும் தவறாது. பிடி அரிசி எடுத்து வைக்கிற வழக்கம் லயத்தில் வேறு பெண்களுக்கும் இருந்ததுதான். ஆனால் அவர்கள் மாதக் கடைசியில் கை கடித்தால் அதையே எடுத்துப் பொங்கிவிடுவார்கள். வடிவம்மா எடுக்க மாட்டாள்.

“மிச்சம் இருந்தா எடுத்து வைக்கிறேன்னு சொல்றவ சாகுற வரைக்கும் எடுத்து வைக்க மாட்டா. மொதல்ல எடு. அப்புறம் இருக்கிறதத் தின்னு” என்பாள், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

சும்மா வந்த வைராக்கியம் அல்ல அது. அறுபத்து மூன்றாம் வருஷம், பக்கத்து அறை வீரம்மாவின் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். லயத்து அறை வேலைக்காரனுக்குச் சொந்தம், அவன் குடும்பத்துக்கு அல்ல. அவன் விட்ட விளக்குமாற்றை வீட்டில் யாராவது கையில் எடுத்தால் அறை தங்கும். இல்லாவிட்டால் அடுத்த வேலையாளுக்குப் போய்விடும். வீரம்மாவின் பிள்ளைகள் இரண்டும் பால் குடி மறந்த வயது. அவளுக்கோ காசம், வேலைக்கு எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு மழைநாளில் அவளுடைய சட்டிபானை தெருவுக்கு வந்தது. கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளையும் முந்தானையால் மூடிக்கொண்டு, கெலிஓயாவிலிருந்து வரவேண்டிய தம்பிக்காக அவள் காத்திருந்தாள். அழக்கூட இல்லை. வடிவம்மா தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் இடுப்பில் ஒரு வயது மகள் சீதா இருந்தாள்.

அன்று மாலை புருஷன் நடராஜா வேலை முடிந்து வந்து விளக்குமாற்றைக் கதவு மூலையில் சாத்தியபோது, வடிவம்மா அதையும் குழந்தையின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். நடராஜாவின் அப்பா கூட்டிய தெருவைத்தான் நடராஜா கூட்டிக்கொண்டிருந்தான். அவன் ஓய்வு பெறுகிற நாளில் இரண்டில் ஒன்று நடக்கும். சீதா அந்த விளக்குமாற்றை எடுப்பாள்; அல்லது மூவரும் உரலின் மேல் உட்காருவார்கள்.

“ரெண்டும் நடக்காது. நீங்க வேலைய விடுறதுக்குள்ள நமக்குன்னு ஒரு துண்டு மண்ணு, அதுல நாலு செவரு. கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள்.

“கேட்டுக்கிட்டேன்” என்றான் நடராஜா. அவன் அதற்கு மேல் பேசுகிற ஆள் இல்லை.

மறுநாள் காலை முதல் பிடி டின்னில் விழுந்தது.

மாதக் கடைசியில் சேர்ந்த அரிசியை ஊறவைத்து இடித்து வறுத்து மாவாக்கி, தலையில் சுமந்துகொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு நடப்பாள். பாலத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஜமால்தீனின் மனைவி றலியா இடியப்பத்துக்கு அந்த மாவை வாங்கினாள். வடிவம்மாவின் மாவில் ஒரு கல் கிடையாது, ஒரு கருகல் கிடையாது. றலியா அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட்டாள். அவர்கள் தங்கள் அரிசியையும் இடிக்கக் கொடுத்தார்கள். கிடைத்த காசில் ஒரு சதம் வீட்டுச் செலவுக்கு வராது. தபால் கந்தோர் சேமிப்புப் புத்தகத்தில் கொஞ்சம் போகும்; மீதி டின்னின் அடியில், அரிசிக்குக் கீழே, துணியில் முடிந்து கிடக்கும்.

டின் ஒன்று மட்டுமா? அவள் கண்ணில் பட்டதிலெல்லாம் ஒரு பிடி எடுத்தாள். பஸ்காசை எடுத்தாள், மூவரும் நடந்தார்கள். நடராஜாவின் சுருட்டை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து பேப்பர் பார்ப்பானே, அதையும் எடுத்தாள். ஒரு சின்ன ரேடியோ வேண்டுமென்று அவனுக்கு ஆசை. வருஷத்துக்கு ஒரு தரம் மெதுவாகக் கேட்பான். “சொந்த வீட்டுல பாடட்டும்” என்பாள். அவன் தலையாட்டிவிட்டுப் பக்கத்து அறை ரேடியோ கேட்கிற சுவரோரமாகப் பாயை இழுத்துப் போட்டுக்கொள்வான்.

இந்த நேரத்தில்தான் பிரஜாவுரிமை விண்ணப்பம் வந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு இவர்களைப் போன்ற இந்திய வம்சாவளிச் சனங்களின் பிரஜாவுரிமை பறிபோயிருந்தது. நடராஜா பிறந்தது கண்டியில். அவன் அப்பா பிறந்ததும் கண்டியில். இருந்தும் அவன் எந்த நாட்டுக்காரனும் இல்லை. பிறகு இரண்டு நாடும் உட்கார்ந்து இவர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. இங்கே இருக்க விரும்புகிறவன் இலங்கைக்கு எழுது, போக விரும்புகிறவன் இந்தியாவுக்கு எழுது என்றார்கள். அறுபத்தொன்பதில் லயம் முழுக்க அதே பேச்சு.

கோர்ட்டுப் பக்கம் இருந்த பெட்டிஷன் எழுதுகிற தனபாலன், இலங்கைக்கு எழுத நாற்பது ரூபாய் ஆகும் என்றார். தகப்பன் பிறந்த பத்திரத்தைத் தேடி எடுக்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும், சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். கோயில் மடத்தில் உட்கார்ந்து இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்களோ காசு வாங்கவில்லை.

“நாப்பது ரூவாயா!” வடிவம்மா வாயில் அடித்துக்கொண்டாள். “அவன் எழுதுறது என்னா தங்க மையா? நாப்பது ரூவா சேக்க எனக்கு எத்தன பிடி வேணும்னு தெரியுமா? டின்னத் தொறக்க மாட்டேன்.”

“எல்லாரும் குடுக்கிறாங்க வடிவு…”

“எல்லாரும் கெணத்துல விழுவாங்க. சும்மா எழுதுறாங்கள்ல, அதையே எழுதிட்டு வாங்க. நம்ம பேர்ல ஏதோ ஒரு கடதாசி இருந்தாச் சரி. மத்தத பின்னால பாத்துக்கலாம்.”

நடராஜா வாசல்வரை போய்த் திரும்பினான். “அங்க நமக்கு யாரு இருக்கா?” என்று கேட்டான்.

“போறதுக்கா எழுதுறோம்? கடதாசிக்குத்தானே!”

அவன் போய் மூன்று பேர் பெயரையும் கொடுத்துக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தான். நாற்பது ரூபாய் மிச்சம் என்று வடிவம்மாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் வயிறு எரிகிறது. சேர்க்கிற பழக்கத்தில் அவள் கெட்டிக்காரிதான். எதற்குச் சேர்க்கிறோமோ அதற்கே அந்தக் காசு தேவைப்படுகிற நேரம் ஒன்று வரும் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

எழுபத்து நாலில் பஞ்சம் வந்தது. கூப்பன் அரிசி அரைவாசியாகக் குறைந்தது, பாண் ரொட்டிக்கு விடியலிலேயே வரிசை நின்றார்கள், மரவள்ளிக் கிழங்கே சாப்பாடு என்று ஆனது. அப்போதும் பிடி விழுந்தது. அரிசி விலை ஏறியிருந்ததால் பிடிக்கு மதிப்பு கூடிவிட்டதாக அவள் கணக்குப் போட்டாள். சீதாவுக்குப் பன்னிரண்டு வயது, வளர்கிற உடம்பு. ஒருநாள் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, விரலையும் சூப்பிவிட்டு, டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இன்னுங் கொஞ்சம் சோறு.”

“பானையில இல்ல.”

“டின்னுல இருக்கே…”

நடராஜா தன் தட்டை மகள் பக்கம் நகர்த்தினான். வடிவம்மா அதைப் பிடித்து நிறுத்தினாள். “நீங்க வெயில்ல வண்டி தள்ளுறவரு, தின்னுங்க” என்றவள் மகளிடம் திரும்பினாள். “வயித்துக்கு நீதான் சொல்லிக் குடுக்கணும். கேக்கக் கேக்கக் குடுத்தா அது கேட்டுக்கிட்டேதான் இருக்கும். கொஞ்ச நாளுல பழகிரும். பழகிட்டா பசிக்காது.”

சீதா தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. கல் நெஞ்சுக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்று அவளும் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கை தானாக டின்னுக்குப் போயிற்று.

எண்பதாம் வருஷம் காணி கிடைத்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மேலே ஏறுகிற சரிவில் எட்டுப் பேர்ச், ஒரு சின்ன வீடு கட்டுகிற அளவு. ஜமால்தீன்தான் பார்த்துச் சொன்னார். பதினேழு வருஷத்துக் காசை வடிவம்மா மடியில் கட்டிக்கொண்டு, பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போனாள். அவர் கடதாசியை விரித்துவைத்துக்கொண்டு ஐடென்டிட்டி கார்ட் கேட்டார்.

“இல்லீங்க.”

“பிரஜாவுரிமை?”

“எழுதியிருக்கோங்க.”

“எங்க, இங்கயா, இந்தியாவுக்கா?”

“அது என்னமோ எழுதினதுங்க, ரொம்ப நாளாச்சு” என்றாள் வடிவம்மா. உண்மையாகவே அவள் அதை மறந்திருந்தாள்.

பிரஜாவுரிமை இல்லாதவர் பெயரில் எழுதினால் காணிக்குக் கொடுக்கிற அதே தொகையை வரியாகவும் கட்ட வேண்டும் என்றார் நொத்தாரிசு. வடிவம்மா கையைப் பிசைந்தாள். கூட வந்திருந்த றலியா அவள் தோளில் கைவைத்தாள்.

“ஏன்ட பேர்ல எழுதுங்கோ. கடதாசிதான் ஏன்ட பேர்ல ஈக்கும், காணி ஒங்கட. கார்ட் கெடச்ச நாள் மாத்தி எழுதுவோம். அல்லாஹ் மேல ஆணை, ஒரு சாண் மண் எனக்கு வாணாம்.”

றலியாவின் வாக்கில் ஒரு நாளும் பழுது வந்ததில்லை; அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷம்தான் அந்தக் குடும்பம் சிரித்த காலம். ஞாயிறு தோறும் மூவரும் நடந்துபோய்ச் சரிவை வெட்டிச் சமன் செய்தார்கள். ஆற்றோரத்திலிருந்து கல் சுமந்தார்கள். அத்திவாரம் போட்டார்கள். ஜன்னல் உயரத்துக்குச் சுவர் வந்தது. நடராஜா வேலை செய்து களைத்தால், ரேடியோ வைக்கப்போகிற மூலையில் போய்க் குந்திக்கொள்வான். தையல்கடையில் வேலை பார்த்த சீதா ஜன்னலுக்குத் துணி வெட்டி வைத்துவிட்டாள். நடராஜா ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. கூரை மட்டும்தான் பாக்கி.

எண்பத்திரண்டு மார்ச்சில் பழுப்பு உறை ஒன்று வந்தது. உள்ளே இங்கிலீசுக் கடிதம். சீதா படித்தாள். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“என்னாடி?”

“இந்தியப் பிரஜாவுரிமை கெடைச்சிருச்சாம்மா, மூணு பேருக்கும். பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டுப் போகணுமாம். ஒரு வருஷந்தான் இங்க இருக்கலாமாம்.”

வடிவம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பதின்மூன்று வருஷத்துக்கு முந்திய நாற்பது ரூபாய் அவள் முன்னால் வந்து நின்றது.

மறுநாள் காலையில் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆமாம், அதே டின்னைத்தான். கூரைக்கு வைத்திருந்த காசு அத்தனையும் அதில் இருந்தது. பெட்டிஷன் தனபாலனுக்குத் தலை நரைத்திருந்தது. பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். அவரிடம் நாற்பது ரூபாய் கொடுத்து எழுதிய லயத்துக்காரர் பலருக்கும் அதற்குள் இலங்கைப் பிரஜாவுரிமை வந்திருந்தது. வடிவம்மா டின்னை அவருடைய மேசைமேல் கவிழ்த்தாள். அரிசியும் நோட்டும் சில்லறையும் சேர்ந்து கொட்டின.

“எம்புட்டு வேணுமோ எடுத்துக்குங்க ஐயா. எங்க பேர இந்தப் பக்கம் எழுதிக் குடுங்க. பூராத்தையும் எடுத்துக்குங்க.”

தனபாலன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மேசையில் சிந்திக் கிடந்த காசைத் தன் கையாலேயே கூட்டி டின்னுக்குள் போட்டார்.

“அன்னைக்கி நாப்பது ரூவா. இன்னைக்கி நாப்பதாயிரம் குடுத்தாலும் என்னால முடியாதும்மா. நீங்கதானே கேட்டு எழுதியிருக்கீங்க. கேட்டது கெடைச்சிருச்சு.”

வீட்டுக்கு வந்து நடராஜாவின் முன்னால் நின்றாள். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது ஆறியிருப்பாள். அவனோ, “ஞாயித்துக்கெழம காணிக்குப் போவமா?” என்று மட்டும் கேட்டான். போனார்கள். கூரையில்லாத வீட்டுக்குள் மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கல்லைத் தொடவில்லை.

காணியை விற்கப் பார்த்தார்கள். தண்ணீர் இல்லாத சரிவு, பாதிச் சுவர். போகிற சனம் விற்கிற சொத்து என்றால் வாங்குகிறவனுக்கு என்ன அவசரம்? கேட்டவர்களெல்லாம் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். அந்த வருஷம் முழுக்க அப்படியே போயிற்று. கூரைக்காசு பாஸ்போர்ட்டுக்கும் பயணத்துக்கும் பெட்டிகளுக்கும் கரைந்தது. ஒவ்வொரு தடவையும் வடிவம்மாவே டின்னைத் திறந்து எண்ணிக் கொடுத்தாள். ஆனாலும் காலையிலும் மாலையிலும் அந்தப் பிடி விழுந்துகொண்டேதான் இருந்தது. எதற்கு என்று சீதா ஒருநாள் கேட்டாள். வடிவம்மா டின்னின் மூடியை அழுத்தி மூடினாள்.

எண்பத்து மூன்று பெப்ரவரியில், புறப்படுவதற்கு முந்திய நாள் மத்தியானம், றலியா வந்தாள். வாசலில் நின்றபடியே கையிலிருந்த காப்பு இரண்டையும் கழற்றினாள்.

“காணி விக்கிற நேரம் சல்லிய எப்பிடியாச்சும் அனுப்புவன். விக்காட்டி அப்பிடியே ஈக்கும், யாரும் கை வெக்க ஏலா. இத இப்ப வெச்சிக்கங்கோ. சீதாக்கு.”

உழைக்காத ஒரு சதத்தை வாழ்நாளில் தொடாத அந்த வீம்புக்காரி, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு றலியாவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். லயமே எட்டிப் பார்த்தது. அவள் அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை. தலைமன்னாருக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற பயணம். பத்து மணிக்குள் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். கல் மாதிரிக் கனத்த இரண்டு டிரங்குப் பெட்டிகள் வாசலில் கட்டிக் கிடந்தன. கதவு மூலையில் விளக்குமாறு இல்லை. முதல் நாளே ஒப்படைத்தாயிற்று. வடிவம்மா கடைசி உலையை வைத்தாள். சுண்டால் இரண்டு சுண்டு அளந்தாள். கை தானாக ஒரு பிடியை அள்ளி அடுப்பின் பக்கம் போயிற்று. அங்கே டின் இல்லை. வெறுமையாக்கி, கழுவி, பக்கத்து அறைக்காரிக்கு அவளே கொடுத்திருந்தாள்.

மூடிய கையோடு அப்படியே நின்றாள். அரிசி உள்ளங்கையில் குத்தியது. பிறகு அந்தப் பிடியைத் திரும்பப் பானையில் போட்டாள். டின்னிலிருந்து கொட்டித் துணியில் முடிந்து வைத்திருந்த அரிசி மூலையில் இருந்தது. அதையும் அவிழ்த்துக் களைந்து உலையில் போட்டாள். இருபது வருஷத்தில் அந்த அடுப்பில் அவ்வளவு சோறு ஒரு நாளும் வெந்ததில்லை.

தட்டு நிறையப் போட்டாள். நடராஜா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். சீதா எப்போதும் சாப்பிடுகிற அளவைத் தின்றுவிட்டு, மீதியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

“தின்னுடி. இன்னைக்கி எடுத்து வைக்கல, எல்லாம் பானையிலதான் இருக்கு” என்றாள் வடிவம்மா. அகப்பையில் இன்னும் சோறு எடுத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் குந்தினாள். குரல் கெஞ்சியது. “இன்னுங் கொஞ்சம் போட்டுக்க தாயி. வயிறு நெறயத் தின்னு.”

சீதா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வடிவம்மா பிழைத்திருப்பாள்.

“வேணாம்மா” என்றாள். “நெசமாத்தான் சொல்றேன். பழகிருச்சு. இதுக்கு மேல எறங்காது.”

வெளியில் பெட்டி ஏற்ற வண்டி வந்து நின்றது. நடராஜா கை கழுவ எழுந்தான். பானையில் பாதிக்கு மேல் சோறு இருந்தது.